இடப்பக்க மீட்டரில் இளஞ்சிவப்பு

கைப்பேசியை மேஜைமேல் வைத்து, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினாள் அந்தப் பெண். பழைய சாமான் விற்கும் தளத்தில் வந்திருந்த விளம்பரம். கறுப்புப் பெட்டி ஒன்று. முகப்பில் அடுத்தடுத்து இரண்டு ஊசி மீட்டர்கள். 'ஸ்டீரியோ பவர் ஆம்ப்ளிஃபையர். டிரான்சிஸ்டர் செட். வீட்டில் பாட்டுக் கேட்க மட்டும் பயன்படுத்தியது. நேரில் வந்து கேட்டுப் பார்த்து வாங்கலாம்.'

"இது எரிஞ்சு போச்சுன்னு கேஸ் நடக்குது மேடம். எரிஞ்சு போனது எப்படி விலைக்கு வரும்?"

"சாம்பலுக்கும் இப்பல்லாம் கிராக்கிதாங்க" என்றான் கமா.

மேடம் கண்ணாடிக்கு மேலாக அவனை ஒரு பார்வை பார்த்தார். கமா தேநீர்க் கோப்பைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான்.

கமா என்பது அவன் சொந்தப் பெயர் இல்லை. அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்த காலத்தில், பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைக்கத் தெரியாதவன் என்று யாரோ சூட்டிய பெயர். அச்சகத்தை மூடிவிட்டார்கள், பெயர் கூடவே வந்துவிட்டது. நாற்பத்து நான்கு வயதில் மேடத்திடம் உதவியாளனாகச் சேர்ந்தவனுக்கு இப்போது நாற்பத்தெட்டு. மேடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்திரண்டு வருஷம் இழப்பு மதிப்பீட்டாளராக இருந்தவர். எரிந்த கடை, நசுங்கிய கார், நனைந்த சரக்கு என்று பார்த்துப் பார்த்து, பொய் சொல்கிறவர்கள் எந்தப் பக்கம் பார்ப்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. சாவி வெட்டும் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் அவருடைய துப்பறியும் நிலையம். கீழே அரம் ராவுகிற சத்தம் நாள் முழுக்க மேலே வந்துகொண்டிருக்கும்.

வந்திருந்தவர்கள் கணவனும் மனைவியும். கணவன் ஆடியோ மெக்கானிக். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் படித்துக்கொண்டிருந்தான். நடந்ததை எல்லாம் மனைவிதான் சொன்னாள்.

ஓய்வு பெற்ற நில அளவையாளர் ஒருவர். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம். கண்பார்வையும் ஏறக்குறைய போய்விட்டதால் பாட்டுக் கேட்பதுதான் அவருக்குக் காலையும் மாலையும். அவருடைய ஆம்ப்ளிஃபையர் பழுதானபோது இந்த மெக்கானிக்தான் சரிசெய்து கொண்டுபோய்க் கொடுத்தான். மூன்று வாரம் கழித்து, மகன் வெளியே போயிருந்த ஒரு சாயங்காலம், அந்த வீட்டுக் கூடத்தில் தீப்பிடித்தது. பெரியவர் புகையில் மூச்சுமுட்டிச் செத்துப்போனார். தீ தொடங்கிய இடம் ஆம்ப்ளிஃபையர் என்று கண்டுபிடித்தார்கள். கருகிய பெட்டியைத் திறந்தால், ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் செம்புக் கம்பி. "போன மாசம்தான் ரிப்பேர் ஆகி வந்துச்சு" என்று மகன் கைகாட்டினான். அதற்குமேல் யாரும் மூளையைச் செலவழிக்கவில்லை.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிறது. அலட்சியத்தால் உயிர் போனதாக மெக்கானிக்மேல் வழக்கு. கடையின் ஷட்டர் அன்றைக்கு இறங்கியது இன்னும் ஏறவில்லை. மனைவி ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலைக்குப் போய்க் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். யார் எதிரில் வந்தாலும், தன் கணவன் ஃபியூஸுக்குப் பதில் கம்பி போடுகிற ஆள் இல்லை என்று சொல்லாமல் விடமாட்டாளாம்.

"இது அந்த செட்தான்னு எப்படிச் சொல்றீங்க?" மேடம் கேட்டார்.

அவள் படத்தில் இடப்பக்க மீட்டரைத் தொட்டுக் காட்டினாள். உள்ளே எரியும் சின்ன பல்பு போய்விட்டிருந்தது. அதே நிறத்தில் கிடைக்கவில்லை. வெள்ளையாக ஒன்றை வாங்கி, அவள்தான் தன் நகப்பூச்சை மெல்லிசாகத் தடவிக் கொடுத்தாள். கொஞ்சம் கூடிப்போய்விட்டது. அதனால் வலப்பக்க மீட்டர் மஞ்சளாகவும் இடப்பக்கம் லேசான இளஞ்சிவப்பாகவும் எரியும். உலகத்தில் வேறு எந்த ஆம்ப்ளிஃபையருக்கும் அந்த நிறம் வராது என்றாள். படத்திலும் அப்படித்தான் இருந்தது.

"இன்னொண்ணும் இருக்கு மேடம். இவரு எந்தப் பெட்டியை மூடினாலும் ஒரு ஸ்க்ரூவைத் தொலைச்சிடுவாரு. குனிஞ்சு தேடறதுக்குப் பொறுமை கிடையாது. பழைய ரேடியோல கழட்டின பித்தளை ஸ்க்ரூ ஒரு டப்பா நெறைய வச்சிருக்காரு. அதுல ஒண்ணைப் போட்டு மூடிடுவாரு. எங்க வீட்டு ஃபேன்லகூட ஒண்ணு மின்னும்."

"அதெல்லாம் எதுக்கு இப்ப" என்றான் மெக்கானிக். அந்த அறைக்குள் வந்த பிறகு அவன் வாய் திறந்தது அது ஒருமுறைதான்.

ரிப்பேர் செய்து கொடுத்த பிறகு அந்த வீட்டுக்கு மறுபடி போனதுண்டா என்று மேடம் அவனைத்தான் கேட்டார். போகவே இல்லை என்று மனைவி பதில் சொன்னாள். அவன் நாள்காட்டியில் அடுத்த மாதத்துக்குப் போய்விட்டான்.

*

விளம்பரம் கொடுத்தவர் ஒரு பல் டாக்டர். கீழே கிளினிக், மேலே வீடு. கமா வாங்குகிறவன், மேடம் அவனுடைய அக்கா. அப்படித்தான் பேசிவைத்துக்கொண்டு போனார்கள். பழைய ஆம்ப்ளிஃபையர் வாங்கும்போது என்னென்ன பார்க்கவேண்டும் என்று கமா முந்தின நாளே ஒரு சீட்டில் எழுதி உருப்போட்டிருந்தான். ஆன் செய்யும்போது ஸ்பீக்கரில் 'தொப்' என்று சத்தம் வருகிறதா, பாட்டு இல்லாதபோது இரைகிறதா, இரண்டு பக்கமும் ஒரே அளவில் கேட்கிறதா, அரைமணி ஓடியபின் எவ்வளவு சூடாகிறது.

டாக்டர் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வீட்டில் என்ன ஸ்பீக்கர் வைத்திருக்கிறீர்கள்?

"ரெண்டு வச்சிருக்கேன் டாக்டர்."

டாக்டர் சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்துவிட்டுச் சுவிட்சைப் போட்டார். மீட்டர்கள் விழித்துக்கொண்டன. வலப்பக்கம் மஞ்சள். இடப்பக்கம், யாரோ ஏதோ சொல்லி வெட்கப்பட வைத்ததுபோல, லேசான இளஞ்சிவப்பு.

கமா சீட்டில் எழுதியிருந்தபடி ஸ்பீக்கரில் காதை வைத்து இரைச்சலைத் தேடினான். மேடம் பெட்டியின் பின்பக்கம் போனார். மேல்மூடியில் எட்டுத் திருகாணிகள். ஏழு கறுப்பு, மூலையில் ஒன்று பித்தளை. ஃபியூஸைப் பார்க்கலாமா என்று கேட்டார். டாக்டர் செட்டை அணைத்து, பின்னால் இருந்த சின்ன மூடியைத் திருகி எடுத்துக் காட்டினார். கண்ணாடிக் குழாய்க்குள் மெல்லிய இழை. சரியான ஃபியூஸ். கம்பியும் இல்லை, கள்ளமும் இல்லை.

"இதைத் தூக்கிப் பாரு" என்றார் மேடம் கமாவிடம்.

தூக்கினான். பாதி உயரத்திலேயே அவன் இடுப்பு ஒரு தகவல் சொன்னது. மெதுவாக இறக்கி வைத்தான். உள்ளே யாரையாவது வைத்து மூடியிருக்கிறார்களா என்று கேட்டான். எடையில் முக்கால்வாசி டிரான்ஸ்ஃபார்மர், இரும்பும் செம்பும் என்றார் டாக்டர். நாள் முழுக்கப் பல் துளைக்கும் சத்தத்தையே கேட்கிற காதுக்கு ராத்திரி ஒருமணி நேரம் மருந்து போடுவதற்காக வாங்கினாராம். இப்போது சின்ன வீட்டுக்குக் குடிபோகப் போகிறார். இதை வைக்க அங்கே இடமில்லை.

யாரிடம் வாங்கினீர்கள் என்று மேடம் கேட்டதும் அவர் தயங்கவில்லை. கைப்பேசியை எடுத்து, விற்றவனோடு பேசிய பழைய செய்திகளைத் தேடித் தந்தார். பெரியவரின் மகன்தான். தேதியோடு எல்லாம் இருந்தது.

"அவங்க அப்பாவோட செட்டாம். அப்பா தவறிட்டாரு, கேக்கறதுக்கு ஆள் இல்லன்னு சொன்னான். எனக்கு மனசு கேக்கல. ஆழ்ந்த அனுதாபம்னு அனுப்பினேன். நன்றின்னு பதில் போட்டிருக்கான், பாருங்க."

மேடம் தேதியைப் பார்த்தார். தீப்பிடித்த நாளுக்கு ஒன்பது நாள் முந்தியது. மகன் அந்த நன்றியை அனுப்பிய நேரத்தில், பெரியவர் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

மேடம் தாங்கள் யார் என்பதை அப்போதுதான் சொன்னார். டாக்டர் முதலில் செட்டின் பிளக்கைப் பிடுங்கினார். பிறகு விளம்பரத்தை எடுத்துவிட்டு, செய்திகளை ஒன்று விடாமல் மேடத்துக்கு அனுப்பிவைத்தார்.

படி இறங்கும்போது கமா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "கண்ணு தெரியாத அப்பன்தானேன்னு நல்லதை வித்துட்டு அந்த எடத்துல மட்டமானது ஒண்ணை வச்சுட்டான் மேடம். பெத்தவரை ஒன்பது நாள் முன்னாடியே சாகடிச்சுட்டு, அனுதாபமும் வாங்கி வச்சுக்கிட்டான்."

*

எரிந்த பெட்டி, போலீஸ் சோதனை முடிந்து, அந்த வீட்டுக்குக் காப்பீடு கொடுத்திருந்த நிறுவனத்தின் கிடங்கில், எண் எழுதிய அட்டையோடு ஒரு இரும்புத் தட்டில் இருந்தது. கிடங்குப் பொறுப்பாளர் மேடத்தோடு பழைய நாளில் வேலை பார்த்தவர். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தொடலாம், கழற்றக்கூடாது என்று அனுமதி கொடுத்தார்.

பெட்டிக்கு முகமே இல்லை. முகப்பு உருகி வழிந்து உறைந்திருந்தது. மகன் 'இதுதான்' என்று சொன்னதுதான் அதன் ஒரே அடையாளம்.

"தூக்கு" என்றார் மேடம்.

கமா முதலில் இடுப்பைத் தயார்செய்துகொண்டான். இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கியவன் நிமிர்ந்த வேகத்தில் பின்னாலேயே சாய்ந்துவிட்டான். அப்புறம் ஒரே கையில் பிடித்து நின்றான். நெருப்பு பிளாஸ்டிக்கைத் தின்னும், இரும்பைத் தின்னாது. அந்தப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இதற்குள் ஒருநாளும் இருந்ததில்லை.

"முடிஞ்சுது மேடம். என் இடுப்பையே கோர்ட்ல சாட்சியா ஏத்திடலாம்."

பெட்டியை வைத்துவிட்டு, மேடம் தடுப்பதற்குள் கைப்பேசியை எடுத்து மெக்கானிக்கின் மனைவியைக் கூப்பிட்டுவிட்டான். எரிந்தது வேறே பெட்டி, உங்கள் வீட்டுக்காரர் தொட்ட செட் சுகமாக இருக்கிறது, தப்பித்தார் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தான். மறுமுனையில் சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே அவள் அழுவது கேட்டது. இப்போதே அரைநாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறேன் என்றாள்.

அவன் திரும்பியபோது மேடம் பெட்டியின் பின்பக்கம் குனிந்திருந்தார். கைவிளக்கின் வெளிச்சம் ஒரு மூலையில் அசையாமல் நின்றது. தன் வீட்டுச் சாவியின் நுனியால் ஒரு திருகாணியின் தலையை இரண்டு முறை சுரண்டினார். கரி உதிர்ந்தது. அடியில் மஞ்சளாக மின்னியது.

கமா அதைப் பார்த்தான். பித்தளைத் திருகாணி எந்தக் கடையிலும் கிடைக்கும், பெட்டி செய்த கம்பெனிக்காரனே போட்டிருக்கலாம் என்றான். மேடம் மற்ற ஏழையும் ஒவ்வொன்றாகச் சுரண்டினார். ஏழும் இரும்பு.

"அன்னிக்கு அந்த மெக்கானிக் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினான். எப்பப் பேசினான்னு ஞாபகம் இருக்கா?"

கமாவுக்கு ஞாபகம் இருந்தது. கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தான். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அதில் எந்தப் பொத்தானும் இல்லை.

*

மெக்கானிக்கின் வீடு இரண்டாவது மாடியில். கதவைத் திறந்தவன் அவர்கள் முகத்தைப் பார்த்ததுமே, உட்காரச் சொல்லாமல் தான் போய் உட்கார்ந்துகொண்டான். மனைவி இன்னும் வந்திருக்கவில்லை.

எரிந்த பெட்டியிலும் பித்தளை இருக்கிறது என்று மட்டும் மேடம் சொன்னார். அவன் மறுக்கவில்லை. ஒரு வருஷமாக உள்ளுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததைப்போல, தடங்கல் இல்லாமல் சொன்னான்.

அன்றைக்கு மத்தியானம் பெரியவர்தான் கூப்பிட்டாராம். செட் சுத்தமாக ஊமையாகிவிட்டது என்றார். அதோடு, நீ ரிப்பேர் செய்து கொடுத்ததில் இருந்த சத்தமும் கொஞ்ச நாளாக இல்லை, என் செட்டை என்னவோ பண்ணிவிட்டாய் என்று சத்தம் போட்டார். இவன் போய்ப் பார்த்தான். அங்கே இருந்தது வேறொரு பெட்டி. எடையும் இல்லை, மீட்டரும் இல்லை. கண்ணில்லாதவருக்குத் தெரியாது என்று மகன் மாற்றி வைத்திருக்கிறான் என்பது பார்த்ததுமே புரிந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாததைப் பெரியவரின் காது கண்டுபிடித்திருந்தது.

"உங்க பையன் வித்துட்டான்னு அந்த மனுஷன்கிட்ட எப்படிங்க சொல்றது? என் தப்புதான் சார், சரி பண்றேன்னு சொல்லிட்டேன்."

பழைய சத்தம் வேண்டும் என்று பெரியவர் அந்த மட்டமான பெட்டியின் சத்தத்தை முழுசாகத் திருகித் திருகிக் கூட்டியதில், ஃபியூஸ் எரிந்து போயிருந்தது. கையில் இருந்த ஒரு ஃபியூஸைப் போட்டான். அதுவும் போயிற்று. அன்று விடுமுறை, பக்கத்துக் கடைகள் எல்லாம் பூட்டு. மின்சாமான் கடைத்தெருவுக்குப் போய்த்தான் வாங்கவேண்டும், போக வர இரண்டு மணி நேரம். அதுவரை ஒரு பாட்டாவது கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பெரியவர் குழந்தை மாதிரிக் கையைப் பிடித்துக்கொண்டார். கம்பியைச் சுற்றினான். தொலைந்த ஒரு திருகாணிக்குப் பதில் பையில் இருந்த பித்தளையைப் போட்டுப் பெட்டியை மூடினான். சத்தத்தைக் கூட்டவேண்டாம் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு ஃபியூஸ் வாங்கப் போனான்.

"வாங்கிட்டுத்தாங்க வந்தேன். தெருமுனை திரும்பறேன், தீயணைப்பு வண்டி நிக்குது. அப்படியே வந்த வழியே திரும்பிட்டேன்."

மேடம் கேட்டார். "ஒரு வருஷமா ஏன் சொல்லல?"

"மொத நாளே சொல்லியிருக்கணும். ரெண்டாம் நாள் அவ வந்து, நீங்க கம்பி போடற ஆளே இல்லன்னு ஊர் முழுக்கச் சண்டை போட ஆரம்பிச்சுட்டா. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்லுவேன்? உங்ககிட்ட வரவேணாம்னு எவ்வளவோ தடுத்தேன். கேக்கல."

கமா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். "அந்தப் பையன் தான் வித்ததை மறைக்கப் பொய் சொன்னான். இருட்டுல கல்லெறிஞ்சான். அது சரியான ஆள்மேலயே போய் விழுந்திருக்கு."

அவளிடம் மட்டும் சொல்லவேண்டாம் என்று மெக்கானிக் கேட்டுக்கொண்டான். விற்ற விஷயத்தை மட்டும் அறிக்கையில் எழுதினால் போதும், மகன் மாட்டிக்கொள்வான், வழக்கு உடைந்துவிடும். அப்பனை உயிரோடு இருக்கும்போதே செத்துவிட்டதாகச் சொன்ன அவன் மாட்டிக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்றான். மேடத்தின் பார்வை அவனுக்குப் பின்னால், திறந்திருந்த கதவில் இருந்தது.

அவள் நின்றுகொண்டிருந்தாள். தலையிலும் தோளிலும் ஒட்டடையும் தூசியும். கையில் கடைச் சாவி. வருகிற வழியில் ஷட்டரைத் தூக்கி, கடையைப் பெருக்கித் துடைத்துவிட்டு வந்திருக்கிறாள். எப்போது வந்தாள், எங்கிருந்து கேட்டாள் என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்கவேண்டியதைக் கேட்டிருந்தாள்.

கணவன் எழுந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கம்பி சுத்தினப்புறம் அவருக்குப் பாட்டு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"என்ன சொன்னாரு?"

"இப்பவும் இது என் செட் இல்லப்பா, ஆனா பரவால்லன்னாரு."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பி, அந்த அறிக்கையில் மகன் செய்ததை எழுதுவீர்களா என்று கேட்டாள். எழுதுவேன் என்றார் மேடம். இவர் செய்ததையும் எழுதுவீர்களா என்றாள். என்னை வேலைக்கு வைத்தது நீங்கள், நீங்கள்தான் சொல்லவேண்டும் என்றார் மேடம். சொல்லும்போது அவருக்கே அந்தப் பதில் கோழைத்தனமாகப் பட்டது.

"ரெண்டையும் எழுதுங்க" என்றாள் அவள்.

மெக்கானிக் உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான். காவல் நிலையத்துக்குத் தானே வருவதாக மேடத்திடம் சொன்னான். வக்கீலையும் நேராக அங்கேயே வரச்சொல்லலாம் என்றார் மேடம். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றவன் திரும்பிப் பார்த்தான். அவள் சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, கூந்தலில் சிக்கியிருந்த ஒட்டடையை விரலால் இழுத்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ வரலையா?"

"ஒரு வருஷமா உங்ககூடத்தான் வந்துக்கிட்டு இருந்தேன்" என்றாள், தலையைத் தூக்காமல். "போதும்."

மூவரும் படி இறங்கினார்கள். முதல் மாடி வந்தபோது மேலே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. மெக்கானிக் ஒரு கணம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கமா அவன் முழங்கையைத் தொட்டு, அடுத்த படி உடைந்திருக்கிறது, பார்த்து இறங்குங்கள் என்றான்.